இருநூற்று ஒன்றாம் பக்கம்

புத்தகத்தில் இருக்க வேண்டியது இருநூறு பக்கம். சந்திரமதி விரலில் எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே போனாள். இருநூற்றுக்குப் பிறகும் தாள் வந்தது. இருநூற்று ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊதா மையில் எண் போட்டு, யாரோ நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார்கள்.

"விஜயா இவ்வளவு எழுதிட்டாளா?" என்று கேட்டாள்.

வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி ஜெயபாலன் நின்றிருந்தான். விஜயாவின் கணவன் அவன். கிளேபாங்கிலிருந்து கடலோரமாகவே மிதித்து வந்திருந்தான். எப்போதும் நேர்த்தியாக உடுத்துகிறவன், அன்றைக்குச் சட்டைப் பித்தானை ஒன்று மாற்றி ஒன்றில் போட்டிருந்தான். புத்தகத்தைக் கொடுத்தாகிவிட்டது, போகலாம். ஆனால் போகவில்லை. கண் மட்டும் அவள் கையிலிருந்த புத்தகத்தைத் தொடுவதும் விலகுவதுமாக இருந்தது.

"அவ எங்கே? அவதானே கொண்டாருவா?"

"அம்மா வீட்டுக்குப் போயிருக்கா டீச்சர். பத்து பெரெண்டாமுக்கு."

சந்திரமதி புத்தகத்தை மூடினாள். விஜயாவின் அம்மா ஜப்பான்காரன் காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டவள். அது இருவருக்கும் தெரியும்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதராஸிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் 'ஏழு வாசல் ராஜ்யம்' என்று ஒரு மாயக்கதை தொடராக வந்தது. மலாக்காவில் அதற்குப் பைத்தியமாக ஐந்து பேர் இருந்தார்கள். ஏழாம் வாசலுக்கு முன்னால் இளவரசன் தீப்பந்தத்தோடு நிற்கும் இடத்தில் பத்திரிகை நின்றுபோயிற்று. ஐந்து பேரும் விடவில்லை. அவர்களில் ஒருவரான புத்தகக்கடை ஹாஜா தடித்த தாளில் இருநூறு பக்கம் தைத்துக் கொடுத்தார். புத்தகம் வீட்டுக்கு வீடு போகும். ஆளுக்கு ஒரு வாரம். போன சுற்றில் மற்றவர்கள் சேர்த்த புதுச் சங்கதிகளை, ராஜ்யத்தின் வரைபடத்தை, அரக்கர்களின் வம்சாவளியைப் படித்துவிட்டு நாமும் சேர்க்கலாம். ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் இரண்டு வழி இருக்கும். "ஆற்றைக் கடப்பவர் நாற்பதாம் பக்கம் போகவும். கரையிலேயே நிற்பவர் ஐம்பத்திரண்டுக்குப் போகவும்." எந்த வழியில் போனோமோ அதற்குப் பக்கத்தில் பென்சிலால் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். அதுதான் விதி. கடைசி மூன்று பக்கம் எழுத வேண்டியவள் விஜயா.

"ஜெயபாலன், என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை.

"திங்கக்கிழமை வேலை விட்டு வந்தேன் டீச்சர். முன்கதவு, பின்கதவு ரெண்டும் உள்ளே தாப்பா போட்டிருந்துச்சு. கூப்பிட்டேன், கூப்பிட்டேன். அப்புறம் ஒடைச்சிக்கிட்டுத்தான் உள்ளே போனேன். அடுப்பிலே சோறு கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு. இது மட்டும் தரையிலே விரிஞ்சி கெடந்துச்சு. அவ இல்லே. ஸ்டேசன்லே போய்ச் சொன்னேன். எவன்கூடவோ ஓடிப்போயிருப்பான்னு எழுதிக்கிட்டாங்க."

"உள்ளே தாழ் போட்டுட்டு எப்படி ஓடுவா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். சிரிச்சாங்க."

"விஜயா ஓடிப்போறவ இல்லே," என்றாள் சந்திரமதி. "நாளைக்கு எவன் அப்படிச் சொன்னாலும் என்கிட்ட அனுப்புங்க."

அவன் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினான். தெரு முனை திரும்பும்வரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஹாஜா கடை திறக்கும் நேரத்துக்குச் சந்திரமதி புத்தகத்தோடு போய் நின்றாள். தெருவெங்கும் புதுக்கொடி. இன்னும் ஒரு நாளில் வெள்ளைக்காரன் கொடி இறங்கிவிடும் என்று சீனர் காப்பிக்கடைகளில்கூடத் தாள்தோரணம் கட்டியிருந்தார்கள். ஹாஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். இருநூற்று ஒன்று வந்ததும் அவர் விரல் நின்றது.

"இது நம்ம அஞ்சு பேர் எழுத்தும் இல்லையே டீச்சர்."

"மையைப் பாருங்க பாய்."

அவர் பெருவிரலால் தடவினார். ஊதா ஒட்டிக்கொண்டது. நாலு நாளாகியும் காயாத மை. தாளிலிருந்து நனைந்த சுண்ணாம்பு வாடையும், கடற்கரையில் ஒதுங்கிய பாசி வெயிலில் அழுகும் வாடையும் சேர்ந்து வந்தன. ஹாஜா புத்தகத்தின் முதுகைப் பிளந்து தையலைப் பார்த்தார்.

"நான் வெள்ளை நூல்லதானே தச்சேன்."

இருநூறு வரைக்கும் வெள்ளை நூல்தான். அதற்குப் பிறகு கறுப்பு. சந்திரமதி ஒரு முனையை நகத்தால் நெம்பி இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு முழ நீளத்துக்கு. முகர்ந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய். நூல் அல்ல, கூந்தல்.

ஹாஜா வாய்க்குள் எதையோ ஓதினார். "இங்கேயே வச்சிட்டுப் போங்க. மக்ரிப் தொழுகைக்கு முன்னாடி ஆத்துல கொண்டுபோய்ப் போட்டுர்றேன்."

"ஆத்துல போட்டா அவளும் சேந்துல்ல போயிடுவா?"

"யாரு?"

சந்திரமதி புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை காலை காஜா பெராங் தெரு முழுக்கப் புறப்பட்டது. கோலாலம்பூரில் நடப்பதை வானொலியில் கேட்டுவிட்டு எல்லோரும் பண்டா ஹிலிர் திடலுக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிப் பெண் பாக்கியம் கபாயாச் சட்டையில் ஊசி குத்திக்கொண்டே எட்டிப் பார்த்து, "தா பெர்கி கா, சிக்கு?" என்றாள். போகவில்லையா டீச்சர் என்று கேட்கிறாள். அந்த வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான், சாமி மட்டும் நம்முடையது. சந்திரமதி தலையசைத்து அனுப்பிவைத்தாள்.

"நாடே விடுதலையாவுது, உனக்கு என்ன வேலை?" என்றான் அண்ணன் மருதமுத்து, தலைக்கு எண்ணெய் தடவியபடி.

"ஒரு புத்தகம் படிச்சு முடிக்கணும்ணே."

அவன் சிரித்துக்கொண்டே போனான். தகப்பனில்லாத வீட்டில் அவனுக்குச் சமமாக நின்று படித்து, நாலாம் வகுப்போடு பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தும் அப்பன்மாரின் வீடுவீடாகப் போய்ச் சண்டை போடுகிறவள் அவள். ஒரு புத்தகத்தை நினைத்து அவளுக்கு உள்ளங்கை வேர்க்கிறது என்று சொன்னால் நம்பமாட்டான்.

தெரு அடங்கியது. சிறிது நேரத்துக்கு எங்கோ ஒரு சைக்கிள் மணி, ஒரு குழந்தையின் சிணுங்கல், சாத்தும் கதவு. பிறகு அதுவும் இல்லை. வெயில் தகரக் கூரையில் சுள்ளென்று விழுந்து ஆணிகளை முறுக்கும் சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்டது. முன்னறையில் சன்னலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு, நல்ல வெளிச்சத்தில், சந்திரமதி இருநூற்று ஒன்றாம் பக்கத்தைத் திறந்தாள்.

"ஏழாம் வாசலோடு ராஜ்யம் முடியும் எனக் காவலர்கள் சொன்னது பொய். எட்டாவதும் உண்டு. அது கோட்டையில் இல்லை. படிப்பவர் வீட்டில்தான்."

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது, வெட்கம் என்னவென்றால், பாதி சந்தோஷத்தால். இரண்டு வருஷமாக ஐந்து பேர் மாறி மாறி எழுதியதில் ஒரு வரிகூட இப்படி விழவில்லை. பந்தத்தின் புகை கண்ணைக் கரித்தது. இளவரசனின் செருப்புக்கடியில் சரளை நொறுங்கியது. நாலு பக்கத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு அடியில் பார்த்தாள்.

"தட்டும் சத்தம் கேட்கும். யாரது எனக் கேட்பவர் 205-ம் பக்கம் போகவும். கேட்காதவர் அப்படியே உட்கார்ந்திருக்கவும்."

முதல் வழிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு 'வி'.

205-ல் இளவரசன் இல்லை. கிளேபாங் வீடு இருந்தது. அடுப்படி, அதில் ஏற்றிய சோற்றுப்பானை, சன்னலுக்கு வெளியே வற்றிய கடல், ஈரத்தலையை முடிந்துகொண்டு புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்த ஒரு பெண். "சுவரில் காதை வைத்துப் பார்ப்பவர் 210." வி. "கை வைத்துப் பார்ப்பவர் 214." வி. "உள்ளே வருபவர் 220."

அங்கேயும் வி இருந்தது. அதன் கடைசிக் கோடு மட்டும் நிற்காமல், பக்கத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு தாளின் ஓரம்வரை போயிருந்தது. பென்சில் பிடித்த கையை யாரோ வெடுக்கென்று இழுத்ததுபோல.

220-ம் பக்கத்தில் ஒரே வரி. "விஜயா உள்ளே வந்தாள்."

221: "தட்டுகிராள்." அதற்கடியில் மறுபடி, "தட்டுகிராள்." மேலிருந்து கீழ்வரை அதுவே. 222-லும் 223-லும் அதுவே, எழுத்து வரவரச் சிறுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி.

224: "சந்திரமதி டீச்சர் நாற்காலியில் இடது காலை மடித்து உட்கார்ந்து படிக்கிராள். அவளுக்கும் கேட்கிரது."

அவள் இடது காலைக் கீழே இறக்கினாள்.

கேட்டது.

முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவே உள்ள சுவர். ஒரு பக்கம் அண்ணன் சட்டை மாட்டும் ஆணி, ஒரு பக்கம் நாட்காட்டி, நடுவில் வெறும் சுண்ணாம்பு. அந்த நடுவிலிருந்து. டொக். நெடுநேரம் கழித்து, டொக். பலமான தட்டல் இல்லை. ரொம்ப நாளாகத் தட்டிக் களைத்துப்போன கை தட்டுவதுபோல.

யாரது என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

ஓடியிருக்கலாம். முன்கதவு திறந்துதான் கிடந்தது, வெளியே பட்டப்பகல். அவள் ஓடவில்லை. மேசையில் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகள் அடுக்கியிருந்தன. மேலே சிவப்பு மைப் பேனா. எடுத்தாள். 'றா' வர வேண்டிய இடத்தில், 'ற' வர வேண்டிய இடத்தில் இருந்த பிழைகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டாள். நான்கு பக்கம். வட்டம் கோணியது, விடவில்லை. ஓரத்தில் எழுதினாள்: "வல்லின றகரம் தெரியாதவருக்குக் கதை எதற்கு?"

தட்டல் நின்றது.

சிவப்பெழுத்துக்குக் கீழே, வெறும் தாளில், ஊதா ஊறியது. காயத்தில் நீர் கோத்துக்கொள்வதுபோல் மெல்லத் திரண்டு எழுத்தாயிற்று.

"டீச்சர் பயமில்லாததுபோல் நடிக்கிறாள்."

இந்தத் தடவை றகரம் சரியாக இருந்தது. அது கற்றுக்கொள்கிறது.

அடியில் எழுதினாள்: "பயம் இருக்கிறது. அதனால் என்ன?"

கூரையில் ஆணி முறுகியது. நாட்காட்டித் தாள்கள் காற்றில்லாமலே ஒருமுறை மேலெழுந்து படிந்தன. ஊதா மறுபடி ஊறியது, இம்முறை வேகமாக.

"உள்ளே வருபவர் 226-ம் பக்கம் போகவும். வராதவர் புத்தகத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும்."

புத்தகம் அடுத்துப் போகவேண்டியது ராஜரத்தினம் வீட்டுக்கு. ஆஸ்பத்திரி கிளார்க். அவர் படிப்பதைவிட அவருடைய மூன்று பெண்கள்தான் புத்தகத்தை அடித்துப்பிடித்துப் படிப்பார்கள். கடைக்குட்டிக்கு ஒன்பது வயது. சந்திரமதியின் வகுப்பு. யாராவது தட்டினால் முதலில் ஓடிப்போய் யாரது என்று கேட்கிறவள்.

சந்திரமதி அந்த இரண்டு வரியையும் குறுக்கே அடித்தாள். பேனா முள் தாளைக் கிழித்தது. பக்கத்துக்கு வலி தெரிந்ததுபோல் சுவருக்குள் ஏதோ முனகியது. அதன் கீழே, கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில், மூன்றாவது வழியை எழுதினாள்.

"கதவைத் திறந்து, உள்ளே போகாமல், விஜயாவை வெளியே இழுப்பவர் அடுத்த பக்கம் போகவும்."

முதலெழுத்துப் போடவில்லை. முழுப் பெயரையும் எழுதிக் கோடு போட்டாள். பக்கத்தைப் புரட்டினாள்.

சுவரில் கதவு இருந்தது.

புதிதாக வந்தது போலில்லை. சுண்ணாம்பு எப்போதுமே அதைச் சுற்றித்தான் பூசப்பட்டிருந்ததுபோல், நாட்காட்டிக்கும் ஆணிக்கும் நடுவில், ஆள் மட்டத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், வர்ணம் பூசாத கறுத்த பலகை. கீழே ஈரம் கசிந்து தரையில் பரவியது. பாசி நாற்றம். தாழ்ப்பாள் இந்தப் பக்கம் இருந்தது.

எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நடந்தாள்.

"விஜயா."

"சந்திரா?" பலகைக்கு மறுபுறம். அவள் குரல்தான். சளி பிடித்ததுபோல் கரகரத்து. "சந்திராவா? சத்தியமா நீதானா?"

"நான்தான்டி. தள்ளி நில்லு. தெறக்கறேன்."

தாழ்ப்பாள் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. இழுத்தாள். கதவு நாலு விரற்கடை திறந்து நின்றுகொண்டது. உள்ளே அடுக்களை இல்லை. இருட்டு. தரையும் இல்லை. கீழே எங்கோ தண்ணீர் நகரும் ஓசை.

இடது காலைச் சுவரில் ஊன்றினாள். நிலைக்கு இந்தப் பக்கம். வலது காலைத் தரையில் அழுத்தினாள்.

"கையைக் குடு."

இடுக்கில் விரல்கள் வந்தன. நகமெல்லாம் உடைந்து, சதை பிய்ந்து. விரல் மூட்டுகள் தட்டித் தட்டி வீங்கியிருந்தன. சந்திரமதி அந்தக் கையை இரு கைகளாலும் பற்றினாள். சூடாக இருந்தது. நாடி ஓடியது. உயிருள்ள கை.

"பிடிச்சிட்டேன். வாடி. வந்துடு."

"இழு சந்திரா."

இழுத்தாள். மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது.

தூரத்தில், திடலின் பக்கமிருந்து, ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒன்றாக எழுப்பிய கூச்சல் காற்றில் மிதந்து வந்தது. மெர்டேக்கா, விடுதலை. மறுபடி, மெர்டேக்கா. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். முழங்கைக்கு மேல் சதை. வெளுத்து, நனைந்து. தோள் வரவேண்டும்.

தோள் வரவில்லை.

முழங்கை வந்தது. இன்னொன்று.

கை மடங்கி அவள் காலடியில் விழுந்தது. இழுத்தாள். இன்னும் வந்தது.

"இன்னும் கொஞ்சந்தான்," என்றது விஜயாவின் குரல். கிட்டத்திலிருந்து. ரொம்பக் கிட்டத்திலிருந்து. "விட்டுடாதே சந்திரா. விட்டுடாதே."

மூன்றாவது முழங்கை. வெயில் விழுந்த சிமெண்டுத் தரையில் அது சுருள் சுருளாகக் கிடந்தது, மேசைக்கால்வரை. பற்றியிருந்த உள்ளங்கை மட்டும் அவள் உள்ளங்கைக்குள் சூடாக, நாடி துடிக்க, தோழியின் கையாகவே இருந்தது. அவளை அது இறுக்கிக்கொண்டது.

சந்திரமதி விடவில்லை. வந்தவரைக்கும் உள்ள கையை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள்.

"எவ்வளவு இருந்தாலும் வா," என்றாள்.

இழுத்தாள்.

நாலாவது வந்தது.